வாசகர் கேள்வி – பதில்: சவரக்கத்திக்கு எந்தக் கல்?

மடக்குச் சவரக்கத்தி பற்றிச் சென்ற இதழில் வந்த குறிப்பைப் பார்த்துவிட்டுத் திருகோணமலை நகரிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. அனேகமானவை தீட்டுக்கல்லைப் பற்றியவை. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

அப்பப்பா பாவித்த சவரக்கத்தி ஒன்று வீட்டில் கிடக்கிறது. இரும்புக்கடையில் விற்கும், ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் மெதுவுமான கறுப்புக் கல்லில் தீட்டலாமா? சரிவராதென்றால் எத்தனை கல் வாங்க வேண்டும், ஐயா?
– வாசகர், உப்புவெளி

அந்தக் கல்லில் வைக்காதீர்கள். அது சிலிக்கன் காபைட் கல். கோடாலிக்கும் உளிக்கும் மீன் வெட்டும் கத்திக்கும் நல்லது. அதன் மெதுவான பக்கமே 400ஆம் இலக்கத்தைத் தாண்டுவது அரிது (இலக்கம் கூடக் கூடக் கல் மெதுவானது). சவரக்கத்தியின் வாய் அதில் நாலு இழுவையிலேயே அரம்போலப் பல்லுப் பல்லாகிவிடும். அந்தக் கீறல்களை எடுக்க 1000ஆம் இலக்கக் கல்லில் மணிக்கணக்காக மினைக்கெட வேண்டும். அவ்வளவு இரும்பும் கத்தியிலிருந்துதான் போகும்.

கல்லுக்குக் காசு செலவழிக்க முன்னர் கத்தியைப் பாருங்கள். தடித்த கண்ணாடித் துண்டொன்றில், முதுகும் வாயும் இரண்டும் படும்படி கத்தியைக் கிடத்தி, குதிப்பக்கத்தையும் (பிடியை ஒட்டிய முனை) மூக்குப்பக்கத்தையும் (மறுமுனை) மாறிமாறி விரலால் மெல்ல அமத்துங்கள். ஆடினால் அலகு முறுகியிருக்கிறது. பக்கத்திலிருந்து பார்க்கும்போது வாய் நேராகவோ வெளியே சற்று வளைந்தோ இருக்கலாம். நடுவில் உள்வாங்கியிருந்தால் பழைய ஆள் பிழையாகத் தீட்டியிருக்கிறார். அதை நேராக்குவது புதிதாகப் பழகுபவருக்கு ஏற்ற வேலையல்ல. அடுத்து, அலகை நகத்தால் சுண்டுங்கள். நல்ல அலகு மணிபோலக் கிணுங்கும். சத்தம் செத்துக் கேட்டால் எங்கோ மயிர்வெடிப்பு இருக்கலாம். வெடிப்பு உள்ள கத்தியை முகத்தில் வைக்கக் கூடாது, அப்பப்பாவின் ஞாபகத்துக்கு அலுமாரியில் வையுங்கள்.

கத்தி தேறினால், கல் மூன்று படி. முதலில் 1000: வாயின் இரு பக்கச் சரிவுகளையும் ஒன்றோடொன்று சந்திக்க வைக்கும் கல் இதுதான். பிறகு 4000 அல்லது 5000: 1000 போட்ட கீறலை எடுக்க. கடைசியில் 8000, முகத்தில் வைக்கக்கூடிய ஆகக் குறைந்த முடிவு அதுதான். 12000 அதற்கு மேலே ஒரு சொகுசு. யப்பான் நிறுவனங்களான நனிவாவும் ஷாப்டனும் இப்படியான இலக்கங்களில் தனித்தனிக் கல் செய்கின்றன. அமெரிக்க நோர்ட்டன் 4000ஐயும் 8000ஐயும் ஒரே கல்லின் இரு பக்கமாக ஒட்டித் தருகிறது. தனியே ஒரு 1000ஐயும் அந்த இரட்டைக் கல்லையும் வாங்கினால் காணும். கிங் 1000/6000 இரட்டைக் கல்லும் தொடங்க நல்லது, ஆனால் 6000இல் நிறுத்திவிட்டு முகம் வழித்தால் எரியும். அதன்பின் ஒரு 8000 தேவை.

இலக்கத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாகனத்துக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் தேய்க்கும் வோட்டர் பேப்பரின் 2000ஐயும் யப்பான் கல்லின் 2000ஐயும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். பி2000 என்று குறித்த அந்தத் தாளின் மணி (உரஞ்சும் துகள்) சுமார் 10 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. அது யப்பான் முறையில் 1000ஐச் சற்றே தாண்டிய கல்லுக்குத்தான் கிட்ட வரும். "தாளில் 2000 வரை தீட்டிவிட்டேன், ஏன் வழிக்கவில்லை" என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில்.

எங்கள் அபிப்பிராயம்: காசு மட்டாக இருந்தால் 12000ஐ விடுங்கள், 1000ஐ விட வேண்டாம். எல்லாரும் தலைகீழாகத்தான் வாங்குகிறார்கள். முன்னர் நன்றாக வழித்து, இப்போது கொஞ்சம் மழுங்கிய கத்திக்கு மட்டுமே இது பொருந்தாது. அதற்கு 8000 ஒன்றே போதும்.

இணையத்தில் 12000 என்று போட்டிருந்த பச்சைக் கல் ஒன்று எடுப்பித்தேன். இருநூறு தடவைக்கு மேல் தீட்டியும் கத்தி மயிரைப் பிடித்து இழுக்கிறது. கல் போலியா?
– சலூன் நடத்தும் வாசகர், திருகோணமலை நகரம்

போலியாக இருக்க வேண்டும் என்றில்லை. அந்த விலைக்கு வரும் பச்சைச் சாம்பல் கல் பெரும்பாலும் சீனாவில் தோண்டும் இயற்கைக் கல். இயற்கைக் கல்லுக்கு இலக்கம் போடுவது விற்பவரின் மதிப்பீடு, அவ்வளவே. கல் உண்மையில் மெதுவானது, ஆனால் மிகவும் ஆறுதலாக வெட்டும். மழுங்கிய வாயைக் கூராக்க அதனால் முடியாது. கூரான வாயை மினுக்க மட்டும் முடியும். இருநூறு அல்ல, இரண்டாயிரம் இழுத்தாலும் கதை அதுதான்.

பிழை கல்லில் இல்லை, அடிச்சரிவில். சவரக்கத்தியின் வாய் என்பது இரண்டு சமதளங்கள் சந்திக்கும் கோடு. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை என்றால் நடுவே மெல்லிய மொட்டை விளிம்பு ஒன்று நிற்கும். மெதுவான கல் அந்த விளிம்பின் தோள்களை மினுக்கிக்கொண்டிருக்கும், விளிம்பு அப்படியே இருக்கும். பார்க்கப் பளபளப்பு, வழித்தால் இழுவை.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அழியாத மார்க்கர் பேனாவால் வாயின் இரு பக்கச் சரிவிலும் மை பூசுங்கள். 1000 கல்லில் ஐந்தாறு முறை இழுத்துவிட்டு, மணிக்கூடு திருத்துபவர் கண்ணில் வைக்கும் லென்ஸால் பாருங்கள். 10 மடங்கு போதும், 20 இருந்தால் நல்லது. மை வாய்நுனியில் மிஞ்சியிருந்தால் கல் இன்னும் நுனியைத் தொடவில்லை. மற்ற இடங்களில் மை போய், குதியிலோ மூக்கிலோ மட்டும் நின்றால் அந்த இடம் கல்லில் படவில்லை. பிறகு விளக்கின் கீழே வாயை மேல்நோக்கிப் பிடித்து நேராக உற்றுப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளிப்பொட்டு மின்னும் இடமெல்லாம் மொட்டை.

வேலை முறை இது. 1000 கல்லில் தண்ணீர் விட்டு, முதுகும் வாயும் இரண்டும் படக் கிடத்துங்கள். முதுகு தூக்கக் கூடாது, கோணத்தைத் தருவதே முதுகுதான். விரலால் மிக இலேசாக அமத்தி, ஒரு பக்கத்தில் 20 முன்பின் இழுவை, திருப்பி மறுபக்கம் 20. இப்படி மூன்று நாலு சுற்றுக்கு ஒருதரம் நிறுத்திப் பாருங்கள். கையிலுள்ள மயிரைத் தோலோடு ஒட்டி வழித்தால் குதியிலிருந்து மூக்குவரை எல்லா இடமும் ஒரேபோல வெட்ட வேண்டும். நடுவில் வெட்டி மூக்கில் வெட்டாவிட்டால் மேலே போக வேண்டாம். இதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணித்தியாலமும் ஆகலாம். எண்ணிக்கை சொல்ல ஏலாது.

சரிவு சந்தித்த பின் அமத்தலை விட்டுவிடுங்கள். கத்தியின் பாரம் மட்டும் போதும். இனி வாய் முன்னே போகும்படி ஒரு இழுவை, கல்லின் முடிவில் முதுகின் மேலே புரட்டி, மறுபக்கம் வாய் முன்னே திரும்பி வரும் இழுவை. இது ஒரு சுற்று. அலகு சுமார் 75 மில்லிமீற்றர், கல் 70. அதனால் குதியில் தொடங்கி மூக்கில் முடியச் சாய்வாக இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஓரம் கல்லில் படாமலே போகும். குதியின் தடித்த தோள் கல்லில் ஏற விடாதீர்கள். ஏறினால் அலகு தூக்கும். 4000இல் 30 சுற்று, 8000இல் 30, அதன்பின் உங்கள் பச்சைக் கல்லில் 100. அப்போது அந்தக் கல் தன் வேலையைச் செய்யும்.

நீங்கள் சலூன் நடத்துபவர் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். தீட்டிய கத்தி உங்கள் சொந்த முகத்துக்கு மட்டும். வாடிக்கையாளருக்கு ஆளுக்கொரு புது பிளேட் மாட்டும் கத்திதான். ஈரல் அழற்சி பி, சி கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்துளியிலும் தொற்றும். கத்தியை அவித்தாலும், வாயைப் பதப்படுத்த இழுக்கும் தோல் வாரை அவிக்க முடியாது.

தீட்டும்போது முதுகில் டேப் ஒட்டச் சொல்கிறார்கள். அவசியமா?
– வாசகர், சாம்பல்தீவு

முதுகில் பூவேலையோ தங்கப்பூச்சோ இருந்தால் ஒட்டுங்கள். வயர் சுற்றும் சாதாரண டேப், ஒரு படை. 19 மில்லிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் முதுகுத் தடிப்பும் உள்ள கத்தியில் 0.15 மில்லிமீற்றர் டேப் வாய்க்கோணத்தைக் கிட்டத்தட்ட 15 பாகையிலிருந்து 16 ஆக்கும். அதில் கெடுதல் இல்லை. கெடுதல் எங்கே என்றால், டேப் ஒட்டி 1000இல் தீட்டிவிட்டு, 8000இல் டேப் இல்லாமல் போவது. அப்போது மெதுவான கல் நுனியை எட்டாது. ஒட்டினால் எல்லாக் கல்லிலும் ஒட்டுங்கள், தேய்ந்த உடனே புதிதாக மாற்றுங்கள். சோழிசுரட்டு வேண்டாம் என்றால் ஒட்டாமலே தீட்டுங்கள். முதுகும் வாயும் சேர்ந்து தேய்வதற்காகத்தான் கத்தியை அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நான் தச்சன். உளி தீட்டும் கல் குழிவிழுந்தால் சீமெந்துத் தரையில் உரஞ்சுவோம். சவரக்கத்திக் கல்லுக்கும் அது காணுமா?
– வாசகர், பாலையூற்று

உளிக்குக் காணும், இதற்குக் காணாது. சீமெந்துத் தரை கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் நேரில்லை. தரையின் மணலும் கல்லில் பதியும். பிறகு 8000 கல்லில் ஒளித்திருக்கும் ஒரே ஒரு மணல் முழு வாயையும் கெடுக்கும். குழிந்த கல்லில் அலகின் நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும், குதியும் மூக்கும் மட்டும் தேயும்.

8 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடி, கண்ணாடிக் கடையில் கல்லை விட இரண்டு மடங்கு நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். அதில் தண்ணீர் தெளித்து 400ஆம் இலக்க வோட்டர் பேப்பரை ஒட்டவையுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் ஒரு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். தண்ணீரோடு எட்டு வடிவில் உரஞ்சுங்கள், இருபதுக்கு ஒருதரம் கல்லைச் சுழற்றிப் பிடியுங்கள், இல்லையென்றால் கை அமத்தும் பக்கம் தாழும். எல்லாக் கோடும் போனபின் திரும்பக் கோடு போட்டு இன்னொருமுறை. இரண்டாவது தரம் எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் அழிந்தால் கல் நேர். நான்கு ஓரங்களையும் அதே தாளில் சாய்வாகச் சற்று மழுக்குங்கள். கூரான ஓரம் உடைந்து விழும் துண்டு வாயைக் கொத்தும். கடைசியாக நக பிரஷ் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தாளின் மணி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

அடிக்கடி தீட்டுபவர் 325ஆம் இலக்க வைரத்தகடு ஒன்று வாங்குவது மேல். புதிய கல்லையும் முதலில் இப்படி நேராக்கித்தான் பாவிக்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும்போதே நேராக வரும் என்று நம்பிப் பிழைத்தவர்கள் பலர்.

நிலாவெளி விடுதியில் வேலை. பெல்ஜியத்திலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் மேலே மஞ்சளும் கீழே ஊதாவுமான கல்லொன்றைத் தந்துவிட்டுப் போனார். சவரக்கத்திக் கல் என்றார். இது என்ன கல்? எண்ணெய் விடவா, தண்ணீர் விடவா?
– வாசகர், நிலாவெளி

உங்களுக்கு யோகம். அது கொட்டிக்கூல். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் ஊரைச் சுற்றிய பாறைகளில் மெல்லிய மஞ்சள் படையாகக் கிடக்கும் கல். படை மெல்லிது என்பதால் உடையாமலிருக்கப் பெரும்பாலும் ஊதா அல்லது கறுப்புக் கல்லோடு சேர்த்தே விற்பார்கள். தீட்டுவது மஞ்சள் பக்கத்தில். தண்ணீர் மட்டும் விடுங்கள், எண்ணெய் ஒருக்காலும் வேண்டாம்.

வெட்டுவது அதற்குள் இருக்கும் கார்னெட் மணிகள். ஐந்து முதல் பதினைந்து மைக்ரோன் அளவு என்றால், கணக்குப்படி அது 1000 கல்லைப் போலத்தான் கீற வேண்டும். அப்படிக் கீறாததற்குக் காரணம் மணியின் வடிவம். பல முகமுள்ள உருண்டைபோல இருப்பதால் ஆழமாகக் கிழிக்காமல் மேலோட்டமாகச் சுரண்டும். கார்னெட் நமக்குப் புதிதல்ல. புல்மோட்டைக் கனிம மணலிலும் அது உண்டு. அதை அள்ளி வந்து தீட்டலாமா என்று கேட்டு எழுதிவிடாதீர்கள்! கடல்மணலின் மணி இதைவிடப் பல மடங்கு பெரிது.

இந்தக் கல்லின் அருமை, ஒன்றே பல கல்லாக வேலை செய்வது. சின்னக் கொட்டிக்கூல் துண்டு ஒன்று கூட வந்திருக்கும். இல்லையென்றால் வைரத்தகட்டால் செய்யலாம். கல்லில் சில துளி தண்ணீர் விட்டு அதனால் அரை நிமிடம் உரஞ்சினால் பால்போலக் கரைசல் வரும். அது கெட்டியாக இருக்கும்போது கல் வேகமாக வெட்டும், ஆனால் மணிகள் வாயிலும் மோதி நுனியைச் சற்று மொட்டையாக்கும். ஆகவே பாலில் முன்பின் இழுவை 30, பிறகு விரல்நுனியால் இரண்டு துளி தண்ணீர் சேர்த்து 20 சுற்று, திரும்ப இரண்டு துளி, திரும்ப 20. தண்ணீர் தெளிவாகும்வரை இப்படிப் போங்கள். கடைசியில் கல்லைக் கழுவி, வெறும் தண்ணீரில் 50 முதல் 100 சுற்று, பாரமே இல்லாமல். இந்தக் கடைசிப்படியில் பொறுமை இல்லாதவர்கள்தான் "கொட்டிக்கூல் கூராக்காது" என்று சொல்வது. வாய் மிகவும் மழுங்கியிருந்தால் அடிச்சரிவை மட்டும் 1000 செயற்கைக் கல்லில் எடுத்துவிட்டு இதற்கு வாருங்கள்.

இயற்கைக் கல்லா செயற்கைக் கல்லா என்று இன்னும் மூவர் கேட்டிருந்தார்கள். கையில் இருந்தால் பாவியுங்கள், தேடிக் காசு கொட்ட வேண்டாம். செயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி, இயற்கைக் கல் துண்டுக்குத் துண்டு வேறு. பழகும்போது கையின் பிழையா கல்லின் பிழையா என்று தெரியாமல் தடுமாறுவீர்கள். வெண்சாம்பல் ஆர்கன்சாஸ் கல் வைத்திருப்பவர்கள் மட்டும் எண்ணெய் விடலாம். அது அதற்கேற்ற கல்.

கல்லை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்? எங்கள் கிணறு சவர்த் தண்ணீர்.
– வாசகர், டச்சுக்குடா

கிங் போன்ற களிமண் சேர்த்துச் சுட்ட 1000 கல் குமிழி நிற்கும்வரை, சுமார் 10 நிமிடம். நோர்ட்டனும் அப்படியே. ஷாப்டன், நனிவாவின் உயர்ரகக் கற்கள் போன்றவற்றை ஊறவைக்கக் கூடாது. மேலே தெளித்தால் போதும். நாள்கணக்காகத் தண்ணீரில் கிடந்தால் சிலது இளகும், சிலது காயும்போது வெடிக்கும். எதையும் வெயிலில் காயவைக்காதீர்கள். நிழலில், ஓரத்தில் நிறுத்தி வையுங்கள். மாரியில் இரண்டு மூன்று நாள் எடுக்கும்.

சவர்த் தண்ணீர் கல்லைக் கெடுக்காது, கத்தியைக் கெடுக்கும். தீட்டி முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஒருதரம் அலசுங்கள். மழைத்தண்ணீர் போத்தலில் பிடித்து வைத்தால் அதுவே போதும்.

ஒரு மாதத்துக்கு முன் நல்ல கூராக இருந்த கத்தி, பாவிக்காமலே மழுங்கிவிட்டது. வாயில் மிளகுப்பொடிபோலக் கறுப்புப் புள்ளிகள். திரும்ப முதலிலிருந்து தீட்ட வேண்டுமா?
– வாசகர், கிண்ணியா

மழுங்கியது அல்ல, கறள். தீட்டிய வாயின் நுனி ஒரு மைக்ரோனுக்கும் மெல்லியது. முதுகில் கண்ணுக்கே படாத கறள் அங்கே வாயைத் தின்றுவிடும். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வாடைக்காற்று கடலிலிருந்து வீசும் மாதங்களில் இன்னும் மோசம். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் உப்புக்கு முழுதாகத் தப்பாது.

புள்ளி மேலோட்டமாக இருந்தால் 4000இலிருந்து தொடங்கினால் போகும். லென்ஸில் வாய்க்கோட்டில் சின்னச் சின்ன உடைவுகள் தெரிந்தால் 1000க்கு இறங்கி, நல்ல இரும்பு வரும்வரை எடுக்க வேண்டும். குழிகள் வாயிலிருந்து மேலேயும் பரவியிருந்தால், தீட்டத் தீட்டப் புதுக் குழி வாய்க்கு வந்துகொண்டே இருக்கும். அந்தக் கத்தியைக் கைவிடுங்கள்.

இனிமேல் வழித்து முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, மென்தாளால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக ஒற்றி, துணிவாரில் பத்துத் தடவை இழுத்து, ஒரு மணித்தியாலம் திறந்து வையுங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, விரலால் மெல்லிய படை. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாகப் பிசுபிசுத்து நாறும். குளியலறையிலும் தோல் உறையிலும் வைக்கக் கூடாது. புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

தோல் வாரில் பச்சைக் கட்டி பூசலாமா? எத்தனை தடவை இழுக்க வேண்டும்?
– வாசகர், மூதூர்

நாளாந்தம் பாவிக்கும் தோலில் எதுவும் பூச வேண்டாம். துணியில் 20, தோலில் 50, ஒவ்வொரு வழிப்புக்கும் முன்னர். கல்லுக்கு நேர் எதிராக, இங்கே முதுகுதான் முன்னே போகும். திருப்புவது முதுகின் மேலே. வாரை இறுக்கிப் பிடியுங்கள். தொய்ந்தால் வாய் உருண்டுபோகும்.

பூசத்தான் வேண்டுமென்றால் வேறொரு தோலிலோ பல்சா மரத்துண்டிலோ, 0.5 மைக்ரோன் குரோமியம் ஒக்சைட் மட்டும், பத்துத் தடவை. இரும்புக்கடையில் மெஷின் மினுக்க விற்கும் பச்சைக் கட்டியில் பெரும்பாலும் பெரிய மணி வேறு கலந்திருக்கும். இப்படிப் பராமரித்தால் கல்லைத் தொட மூன்று நாலு மாதம் ஆகும். வாரில் இழுத்தும் கன்னத்தில் இழுவை தெரியத் தொடங்கினால் 8000இல் பத்து இருபது சுற்று, அதற்குமேல் வேண்டாம். அதிகம் தீட்டினால் நுனியில் மெல்லிய பிசிர் நிற்கும். முதல் வழிப்பு அருமையாக இருந்து இரண்டாவதே இழுத்தால் அதுதான். வாயைக் கண்ணாடி விளிம்பில் பாரமில்லாமல் ஒரே ஒருதரம் நீளவாக்கில் இழுத்துப் பிசிரைக் கொன்றுவிட்டு, 8000இல் திரும்பத் தொடங்குங்கள்.

தேத்தண்ணிக் கோப்பையின் அடி வளையத்தில் அம்மா கத்தி தீட்டுவார். சவரக்கத்திக்கும் சரிவருமா?
– வாசகர், தம்பலகாமம்

அம்மாவின் மரக்கறிக் கத்திக்குச் சரிவரும். கோப்பையின் வளையம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் படுத்திருக்க அதில் இடமில்லை.